வைத்த லென்ஸில் அழுக்கு சேருமா?

கேள்வி: அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தோம். இப்போது மறுபடி மங்கல். லென்ஸில் அழுக்கு படிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: லென்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள். இவ்வளவு நாள் கழித்து வரும் மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் லென்ஸ் அல்ல, அதற்குப் பின்னால் உள்ள சவ்வு. புரையை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்தான் லென்ஸைப் பொருத்துகிறார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உறையின் ஓரத்தில் சில செல்கள் தங்கிவிடும். அவை பெருகி, பின்சவ்வின் மேல் ஊர்ந்து நடுவுக்கு வந்தால் பார்வை மறைக்கும்.

லென்ஸின் பின்விளிம்பு கூர்மையாக வெட்டியிருந்தால் சவ்வு அங்கே இறுக மடிந்து செல்களின் வழியை மறிக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் செல்கள் எளிதில் நுழைந்துவிடும். 6 மி.மீ. லென்ஸுக்கு உறையின் முன்சவ்வில் 5 முதல் 5.5 மி.மீ. வட்டமாகத் திறப்பதும் இதற்காகத்தான்: மிச்சச் சவ்வு லென்ஸின் ஓரத்தைச் சுற்றிலும் மூடி, அதைப் பின்சவ்வோடு அழுத்திப் பிடிக்கும்.

வைத்தியம் யாக் லேசர்: மங்கிய பின்சவ்வின் நடுவில் லேசர் ஒளியால் துளை போடுவது. சில நிமிட வேலை, தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். லேசர் குவியும் இடம் முன்னால் தள்ளிப்போனால் லென்ஸிலேயே குழி விழும் என்பதால், குறைந்த சக்தியில், சவ்வுக்குச் சற்றுப் பின்னால் குவித்துத் தொடங்குவார்கள். அதற்கு முன் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலுக்குக் காரணம் அங்கே இருந்தால் லேசரால் பயனில்லை. சவ்வில் துளை போட்டபின் லென்ஸை மாற்றுவதும் மிகக் கடினம். லேசருக்குப் பிறகு கண்ணில் மின்னல் அடித்தாலோ, திரை விழுவதுபோல் இருந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஆபரேஷனாகி மூன்று வாரம். லென்ஸ் மேல் புள்ளிகள் தெரிகின்றன, சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள் என்கிறார் டாக்டர். ஏன்?
- வாசகர், மேலூர்

பதில்: ஆபரேஷனில் ரத்தத்துக்கும் கண்ணுக்குள் இருக்கும் நீருக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர்ந்து, புரதம் கசிந்து லென்ஸில் படலமாக ஒட்டும். அதன்மேல் வெள்ளணுக்கள் வந்து அமரும். லென்ஸை அவற்றால் விழுங்க முடியாது. அதனால் ஒன்றோடொன்று இணைந்து பெரிய செல்களாகும். அந்தப் புள்ளிகள் இவைதான். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தடுப்பு தளர்வது அதிகம்.

மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப் நிறுவனம் பிஎம்எம்ஏ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் லென்ஸும், நீரை ஈர்க்கும், ஈர்க்காத என இரண்டு வகை அக்ரிலிக் லென்ஸும் தயாரிக்கிறது. நீரை ஈர்க்கும் அக்ரிலிக்கில் இந்தப் புள்ளிகள் குறைவாக ஒட்டும். ஆனால் பின்சவ்வு மங்குவது அதில்தான் அதிகம். எல்லா விதத்திலும் சிறந்த பொருள் இன்னும் வரவில்லை.

இந்த அழற்சியை அடக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு போய்விட்டதே என்று அதைச் சட்டென நிறுத்தினால் அழற்சி திரும்பும். சீட்டில் எழுதியபடி படிப்படியாகக் குறையுங்கள். பால்போன்ற மருந்தென்றால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். அடுத்த சொட்டுக்கு ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் குறித்த நாளில் போய் அளந்துகொள்ளுங்கள். வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.