‘சண்டிராணி’யை இயக்கிய பானுமதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): தென்னிந்தியாவில் திரைப்படம் இயக்கிய முதல் பெண் நடிகையும் பாடகியுமான பானுமதிதான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

பதில்: சரியல்ல. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி 1936-ஆம் ஆண்டிலேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார். பானுமதியின் ‘சண்டிராணி’ வெளிவந்தது 1953-இல். இருந்தாலும், ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் எடுத்து, அதில் இரட்டை வேடத்தையும் தாமே ஏற்று, பாடவும் செய்தவர் என்ற வகையில் அவரது இடம் தனியானது. நண்பரைச் சமாதானப்படுத்த இது போதும்.

கேள்வி (மதுரை வாசகர்): அக்காலத்தில் ஒரு நடிகையை நம்பி இயக்கும் பொறுப்பை யார் கொடுத்தார்கள்?

பதில்: யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய நிலையில் அவர் யாரையும் வைத்திருக்கவில்லை என்பதே உண்மை. ஓங்கோல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1925-இல் பிறந்து, தந்தையிடம் கர்நாடக இசை கற்று, 1939-இல் ‘வரவிக்ரயம்’ என்ற தெலுங்குப் படத்தின் மூலம் திரைக்கு வந்தவர் அவர். ‘கிருஷ்ணப்ரேமா’ படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணாவை 1943-இல் காதலித்து மணந்தபின், நடிப்பை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்துவதே அவருடைய எண்ணமாக இருந்தது. 1945-இல் வந்த ‘சுவர்க்க சீமா’வில் அவர் பாடி நடித்த ‘ஓஹோ பாவுரமா’ பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அதன்பின் மகன் பரணியின் பெயரில் கணவனும் மனைவியுமாகப் படநிறுவனம் தொடங்கினார்கள். 1948-இல் ‘ரத்னமாலா’, அடுத்த ஆண்டு ‘லைலா மஜ்னு’ என்று படங்கள் வந்தன. சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோவும் எழுந்தது. நிறுவனமும் தளமும் சொந்தமாக இருந்தவர் இயக்குநர் நாற்காலிக்காக எவரிடமும் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய திறமையைப் புகழ்கிற பலர் இந்தப் பொருளாதார அடித்தளத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

கேள்வி (திரைப்படக் கல்வி பயிலும் மாணவி): எடுக்கும் காட்சியை உடனே திரையில் காட்டும் மானிட்டர் இல்லாத காலத்தில், இரட்டை வேடத்தில் நடித்துக்கொண்டே ஒருவர் எப்படி இயக்க முடியும்?

பதில்: நல்ல கேள்வி. ‘சண்டிராணி’யின் கதை பிரிந்து வளரும் இரட்டைச் சகோதரிகளைப் பற்றியது, ஒருத்தி மென்மையானவள், மற்றவள் வாளெடுக்கத் தயங்காதவள். இருவரும் ஒரே சட்டகத்தில் (ஃபிரேமில்) தோன்ற வேண்டுமானால், அக்கால வழக்கப்படி லென்ஸின் ஒரு பாதியை மறைத்து முதல் வேடத்தை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமை அதே இடத்திற்குத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இரண்டாம் வேடத்தை எடுப்பார்கள். இடையில் கேமரா நூலிழை அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும். நடிப்பவர் வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். தாம் சற்றுமுன் எந்த இடைவெளி விட்டு, எந்த வேகத்தில் வசனம் சொன்னோம் என்பதை நினைவில் வைத்து, அதற்கேற்பப் பதில் சொல்ல வேண்டும். நன்றாக வந்ததா என்பது ஃபிலிமைக் கழுவும் லேபிலிருந்து ரஷ் (தொகுக்கப்படாத முதல் பிரதி) வந்து, போட்டுப் பார்த்த பிறகே தெரியும். இதை மூன்று மொழிகளுக்கும் செய்தாக வேண்டும் என்பதைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். தாளம் தப்பாத பாடகியாக இருந்தது இங்கே அவருக்குப் பெரிதும் கைகொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி (கோவை வாசகர்): ‘வான் மீதிலே’ பாட்டுக்கு இசை யார்?

பதில்: படத்தின் இசைப்பணியைத் தொடங்கியவர் சி. ஆர். சுப்பராமன். அவர் 1952-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட, உதவியாளராக இருந்த எம். எஸ். விஸ்வநாதன் மீதியை முடித்துக் கொடுத்தார். கண்டசாலாவும் பானுமதியும் பாடிய இந்த டூயட்டை விஸ்வநாதன் கணக்கில் வைப்பதே வழக்கம்.

கேள்வி (சென்னை வாசகர்): அவருக்குத் தலைக்கனம் அதிகம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பதில்: நானும் கேட்டிருக்கிறேன். ‘மிஸ்ஸம்மா’வில் முதலில் அவர்தான் நடித்தார், சில காட்சிகள் எடுத்தபின் தயாரிப்பாளர் சக்ரபாணியுடன் உரசல் ஏற்பட்டு விலக, அந்த இடம் சாவித்திரிக்குப் போனது. படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார் என்பது கோடம்பாக்கத்தில் வழங்கும் கதை. நடந்தது ‘சண்டிராணி’க்குப் பிறகு, சொந்த ஸ்டுடியோவில் மூன்று மொழிப் படம் இயக்கி முடித்தவரிடம் அதை எதிர்பார்த்ததுதான் பிழை என்பேன். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ வழியாக எம்.ஜி.ஆர். முதன்முறையாக இயக்குநரானபோதும் அவருக்கும் பானுமதிக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது என்பார்கள். பானுமதியின் பாத்திரம் பாதிப் படத்திலேயே இறந்துவிடும். தளத்தில் நின்ற இருவரில் இயக்குநராக மூத்தவர் பானுமதி என்பதை மறந்துவிடக் கூடாது. அதே எம்.ஜி.ஆரின் ஆட்சிக்காலத்தில் அவர் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார் என்பதையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): பிறகு ஏன் தொடர்ந்து இயக்கவில்லை?

பதில்: இயக்கினார், ஆனால் நீண்ட இடைவெளி விட்டு. ‘விப்ரநாராயணா’ போன்ற பரணி படங்களைக் கணவர் இயக்க, இவர் நடித்தும் பாடியும் வந்தார். 1954-இல் ‘சக்ரபாணி’க்கு இசையும் அமைத்தார். தெலுங்கில் ‘அத்தகாரி கதலு’ என்ற நகைச்சுவைக் கதைகளால் எழுத்தாளராகவும் பெயர் பெற்றார். ‘அந்தா மன மஞ்சிகே’ 1972-இலும், தமிழில் ‘இப்படியும் ஒரு பெண்’ 1975-இலும் வந்தன. 1982-இல் எல்லா வேடங்களிலும் குழந்தைகளையே நடிக்க வைத்து ‘பக்த துருவ மார்க்கண்டேயா’வை எடுத்தார். பல துறைகளில் கை வைத்தவருக்கு இயக்கம் அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். 1968 முதல் வரிசையாகப் படங்களை இயக்கி, ‘பிராப்தம்’ போன்ற சொந்தத் தயாரிப்புகளால் கடனில் விழுந்த சாவித்திரியை நினைத்தால், பானுமதியின் இந்த நிதானம் எனக்குப் புரிகிறது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அவர் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: நடிப்புக்கு ‘அன்னை’ (1962). அதில் ‘பூவாகிக் காயாகி’ பாடும் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ‘சண்டிராணி’க்கு வாருங்கள். அங்கே சகோதரிகள் இருவரும் ஒன்றாகத் தோன்றும் இடங்களில் சட்டகத்தின் நடுப்பகுதியை உற்றுக் கவனியுங்கள்.