எத்தனை மாதக் குழந்தை?

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். கைக்குழந்தையோ நடை பழகும் குழந்தையோ வளர்க்கும் பெற்றோர், தங்களுக்குக் கைகொடுத்த ஒரு யோசனையை எழுதி அனுப்புங்கள், குழப்பம் இருந்தால் கேள்வியாக அனுப்புங்கள் என்று. வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். சில கடிதங்கள் பாதி வாக்கியத்தில் நின்று, வேறு மையில் தொடர்ந்தன. நடுவில் குழந்தை எழுந்துவிட்டது என்று புரிந்தது.

அவற்றில் ஒரு குறை. யோசனை எழுதியவர்களில் பெரும்பாலோர் குழந்தையின் வயதை எழுதவில்லை. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. என் மூத்த மகனுக்கு இரண்டு மாதம் ஆனபோது, நான் செவிலியர் பணிக்கு வந்திருக்கவில்லை. "பாலுக்கு இடையில் கொஞ்சம் தண்ணீர் கொடு, அழுகை குறையும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுத்தேன். அழுகையும் குறைந்தது. மூன்று வாரம் கழித்து எடை பார்த்தால் முள் அசையவே இல்லை. வயிற்றைத் தண்ணீர் அடைத்துக்கொண்டு பாலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய குழந்தைக்கு எட்டு மாதம். உணவு தொடங்கிவிட்ட பிள்ளைக்குச் சில மடக்குத் தண்ணீர் சரியானதுதான். எத்தனை மாதக் குழந்தைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பின்னாளில் குழந்தைகள் பிரிவில் 26 ஆண்டுகள் நானே தாய்மார்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதெல்லாம் அந்த எடைமுள் என் கண்முன் நிற்கும்.

ஆகவே இந்த இதழில் எழுதியவரின் பெயரைப் போடவில்லை. குழந்தையின் வயதைப் போட்டிருக்கிறேன்.

7 வாரக் குழந்தையின் தந்தை: அம்மா, எங்கள் மகள் தினமும் மாலை 6 மணிக்கு அழத் தொடங்கினால் 9 மணி வரை ஓய்வதில்லை. நன்றாகப் பால் குடிக்கிறாள், எடையும் கூடுகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். நேற்று இரவு எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே பயந்துவிட்டேன்.

தம்பி, கடைசி வரியை எழுதினீர்களே, அதற்கு நன்றி. பலர் அந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கியவர்கள் சிலரை மருத்துவமனை வராந்தாவில் வெகு தாமதமாகச் சந்தித்திருக்கிறேன்.

முதலில் அழுகை. நீங்கள் இப்போது அதன் உச்சியில் நிற்கிறீர்கள். பிறந்த 2 வாரத்தில் ஏறத் தொடங்கி, 6 வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 3 அல்லது 4 மாதத்தில் அது தணிந்துவிடும். பெரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 குழந்தைகளின் தாய்மார்களை நாள்தோறும் அழுகைக் கணக்கு எழுதச் சொல்லி 1962-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எல்லாமே நலமான குழந்தைகள். ஆறு வார வயதில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதிருக்கின்றன. உங்கள் மகள் மூன்று மணி நேரம். வித்தியாசமான குழந்தை இல்லை அவள்.

தோளில் சாய்த்து நடங்கள், விளக்கைக் குறையுங்கள், மெல்லிய சீரான ஓசை ஏதாவது கேட்கட்டும், உங்கள் வெற்று மார்பின் மேல் படுக்க வையுங்கள். எதைச் செய்தாலும் பத்து நிமிடமாவது அதையே செய்யுங்கள். பதற்றத்தில் பத்து நிமிடத்துக்குள் நான்கு வழிகளை மாற்றி மாற்றிச் செய்யும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குழந்தை இன்னும் மிரண்டுபோகும். சில மாலைகளில் எதுவுமே பலிக்காது. அது உங்கள் தோல்வி இல்லை.

இனி உங்கள் கோபம். அது தலைக்கு ஏறும் நொடியில் மகளை வெறும் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முகம் கழுவுங்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் ஆகும். சில நொடிக் குலுக்கலே போதும். அந்த வயதில் தலை கனம், கழுத்துக்கு வலு இல்லை. மூளைக்குள் ரத்தக் குழாய்கள் கிழிந்து பார்வை போகலாம், உயிரே போகலாம். குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் எல்லோரிடமும், தாத்தா பாட்டி உட்பட, இதைச் சொல்லி வையுங்கள்.

வழக்கமான அழுகை எது, நோயின் அறிகுறி எது என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், முகம் தெளிவாக இருந்தாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். "காய்ச்சல் என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம், தானே இறங்கிவிடும்" என்று இந்த முறை ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஓடி விளையாடிக்கொண்டு, நன்றாகத் தண்ணீர் குடிக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். உங்கள் மகளுக்கு இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. பச்சை நிறத்தில் வாந்தி, பாலைத் தொட மறுப்பது, கை கால் துவண்டு கிடப்பது இவற்றுக்கும் அப்படியே.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே? பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் வரும் கண்ணீர் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஏழாவது வாரத்திலும் அவர் சோர்ந்தே இருக்கிறார், குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது சிகிச்சையால் குணமாகும் நோய். தந்தையருக்கும் அது வருவதுண்டு. அதையும் மனத்தில் வையுங்கள்.

4 மாதக் குழந்தையின் தாய்: இருமலுக்குத் தேன் தொட்டு வைக்கலாம் என்கிறார் என் தோழி. பின்னந்தலை தட்டையாக இருப்பதால் நடுவில் குழிந்த தலையணை வாங்கச் சொல்கிறார் நாத்தனார். இரண்டும் சரியா அம்மா?

இரண்டும் வேண்டாம்.

தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். மூச்சுவிடும் தசைகளும் அதில் அடங்கும். வீட்டில் கொதிக்க வைப்பதால் அந்த வித்துகள் சாகாது. உங்கள் தோழியின் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும், அதனால் அவருக்கு அது நல்ல மருந்தாகவே இருந்திருக்கும்.

முதல் ஓராண்டு முழுவதும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். சமமான, அமுங்காத படுக்கையில் தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. 1990-களில் பல நாடுகள் இதைப் பெற்றோருக்கு வலியுறுத்தத் தொடங்கிய பிறகு, தூக்கத்திலேயே திடீரென நிகழும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலைக்கு வழி பகலில் இருக்கிறது. விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்துகொண்டு, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். உட்காரத் தொடங்கியதும் பெரும்பாலும் தானே சீராகும்.

14 மாதக் குழந்தையின் தாய்: என் மகன் இன்னும் நடக்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறான், சுவரைப் பிடித்து நகர்கிறான். அக்கா மகள் 10 மாதத்தில் ஓடினாள். நடைவண்டியில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள்.

அக்கா மகளை மறந்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, நலமான குழந்தைகள் துணையின்றி நடக்கும் காலம் 8 மாதத்தில் தொடங்கி 17 மாதத்தையும் தாண்டிப் போகிறது. உங்கள் மகன் அதற்கு நடுவில் இருக்கிறான். சுவரைப் பிடித்து நகர்வதே நடையின் முந்தைய படி. என் இளைய மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே வீடெல்லாம் நகர்ந்தாள், 16 மாதத்தில் எழுந்து நடந்தாள். இன்று அவளுக்கே ஒரு மகள்.

உட்கார வைத்துத் தள்ளும் சக்கர நடைவண்டி நடையைக் கற்றுத் தருவதில்லை. குழந்தை கால்விரல் நுனியால் உந்திப் பழகுகிறது, தன் எடையைத் தானே சமன்செய்யப் பழகுவதில்லை. படிக்கட்டை நோக்கி அது உருளும் வேகத்துக்கு உங்கள் கை எட்டாது. கனடா 2004-ல் இவற்றின் விற்பனையையே தடை செய்துவிட்டது. வெறுங்காலுடன் தரையில் விடுங்கள், பிடித்து நிற்க உறுதியான மேசை இருக்கட்டும். 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டாலோ, ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்தினாலோ, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

2 வயது 3 மாதக் குழந்தையின் தாய்: ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவள், இப்போது வாயை இறுக மூடிக்கொள்கிறாள். ஒரு வேளை உணவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கைப்பேசியில் படம் காட்டினால்தான் ஒரு வாய் இறங்குகிறது. கடைசியில் நான் அழுதுவிடுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. பிறந்த எடை முதல் ஓராண்டில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் 2 முதல் 3 கிலோ வரையே கூடுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது ஒரு வயதுக் குழந்தையின் பசியை. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது இப்போது இல்லை.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது. எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பங்கு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பங்கு. படிக்க எளிது, கடைப்பிடிக்கக் கடினம் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் அவள் இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்து போகும்போது உங்கள் வயிறு எரியும். ஆனாலும் விடுங்கள். 20 நிமிடம், அதிகம் போனால் அரை மணி, அத்தோடு தட்டை எடுத்துவிடுங்கள். முகத்தில் கோபம் வேண்டாம். அடுத்த வேளை வரை இடையில் பாலையும் பிஸ்கெட்டையும் நிரப்பாதீர்கள். பல வீடுகளில் பசியைத் தின்பது அந்தப் பால்தான். புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் துளியளவு வையுங்கள், கெஞ்ச வேண்டாம். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே பல குழந்தைகள் அதைத் தொடுகிறார்கள்.

கைப்பேசியை இன்றே நிறுத்துங்கள். படம் பார்க்கும் குழந்தைக்கு வாய் திறப்பது மட்டும் பழகும், வயிறு நிறைந்ததா என்று தெரியாது. மூன்று, நான்கு நாள் ஆர்ப்பாட்டம் இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லில் நின்றால் அடங்கிவிடும்.

எடைக் கோடு தொடர்ந்து கீழே இறங்கினாலோ, விழுங்கும்போது இருமி மூச்சுத் திணறினாலோ இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது, மருத்துவரைப் பாருங்கள்.

9 மாதக் குழந்தையின் தாய்: வேலைக்குத் திரும்பிவிட்டேன். யாரிடமும் சிரித்துப் போகும் மகன், நான் செருப்பை மாட்டினாலே அலறுகிறான். பின்வாசல் வழியாக நழுவிப் போகச் சொல்கிறார் மாமியார்.

நழுவ வேண்டாம். கண்ணுக்கு மறைந்த பொருளும் எங்கோ இருக்கிறது என்று குழந்தைக்குப் புரியத் தொடங்கும் வயது இது. நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள், தன்னிடம் இல்லை என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. நழுவிப் போனால், எந்த நொடியிலும் அம்மா காணாமல் போகலாம் என்று பயந்து பகலெல்லாம் உங்கள் சேலையையே பிடித்துக்கொள்வான். முத்தம் கொடுத்து, "போய் வருகிறேன்" என்று ஒரே முறை சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போங்கள். விடுமுறை நாட்களில் துணியால் முகத்தை மறைத்துத் திறந்து காட்டி விளையாடுங்கள். மறைந்த முகம் திரும்பி வரும் என்பதை அவன் அப்படித்தான் படிக்கிறான்.

2 வயதுக் குழந்தையின் தந்தை: மகன் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். திருப்பிக் கடித்தால் வலி புரியும் என்று ஒருவர் சொன்னார்.

கடிக்காதீர்கள். பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதை மட்டுமே அவன் கற்றுக்கொள்வான். கடிபட்ட பிள்ளையை முதலில் தேற்றுங்கள், பிறகு உங்கள் மகன் உயரத்துக்குக் குனிந்து "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று மூன்று சொல்லில் முடியுங்கள். சொல்ல வார்த்தை இல்லாததால்தான் அந்த வயதில் பல் முந்துகிறது. "எனக்கு", "வேண்டாம்", "தா" இந்த மூன்றையும் பேசப் பழக்குங்கள்.

கடைசியாக, யோசனை அனுப்பியவர்களில் ஒரு தாய்க்கு. தான் உடுத்திய பழைய பருத்தித் துணியைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தூங்க வைப்பதாகவும், அன்று முதல் இரவில் எழுவது குறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அழகான யோசனை. அம்மாவின் வாசம் உள்ள துணியைக் குழந்தை துணையாகப் பிடித்துக்கொள்வது இயல்பானது, ஒரு வயதுக்கு மேல் நானும் பரிந்துரைப்பேன். ஆனால் வயது எழுதவில்லையே அம்மா. ஒரு வயது நிறையவில்லை என்றால், தூங்கியதும் அந்தத் துணியை இன்று இரவே எடுத்துவிடுங்கள். எத்தனை மாதம் என்று ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் உங்கள் யோசனையை வயதோடு சேர்த்து வெளியிடுகிறேன்.