விடியற்காலையில் மீன் செத்து மிதப்பது ஏன்? – ஏரி நீர் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஏரியில் ஒரே இரவில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. முந்தைய நாள் மாலை சோதித்தபோது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மி.கி. இருந்தது. ஆக்சிஜன் அவ்வளவு இருந்தும் மீன் சாகிறது என்றால் விஷம்தானே காரணம்?

பதில்: அந்த 11தான் துப்பே. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் நீர், காற்றிலிருந்து சுமார் 7.6 மி.கி. ஆக்சிஜனைத்தான் ஏற்கும்; 20 டிகிரியில் 9.1. அதற்கு மேல் காட்டுவதெல்லாம் பாசி வெயிலில் உற்பத்தி செய்தது. பகலில் அவ்வளவு ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டியதும் நிறுத்திவிட்டுச் சுவாசிக்க மட்டும் செய்யும். அடிச்சேற்றில் மட்கும் பொருளும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். இரவு முழுக்க இறங்கி, சூரியன் உதிக்கும் நேரத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடும். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குத் தாங்காது. இரண்டு மூன்று நாள் மேகமூட்டம், காற்றில்லாத இரவு, பாசி மொத்தமாக மடிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும்.

ஆகவே மாலை அளவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழத்தில் ஒன்று, தரைக்கு அரை மீட்டர் மேலே ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். அதே இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு முறை. காலைக்கும் பிற்பகலுக்கும் உள்ள இடைவெளி பெரிதாகப் பெரிதாக, ஏரியில் பாசியின் பிடி அவ்வளவு இறுகியிருக்கிறது என்று பொருள். மீட்டரில் சவ்வு உள்ள வகை என்றால் உணரியை நீரில் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அசைக்காவிட்டால் சவ்வருகே உள்ள ஆக்சிஜன் தீர்ந்து குறைவாகக் காட்டும். சவ்வுக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தவறும்.

மீட்டர் இல்லாதவர்கள் 1888இல் லாயோஷ் விங்க்லர் வகுத்த முறையையே நம்பலாம். 300 மி.லி. குப்பியில் குமிழி சேராமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட் 1 மி.லி., கார-அயோடைடு-அசைடு கரைசல் 1 மி.லி. இரண்டையும் நீருக்கு அடியில் பிப்பெட் முனையை வைத்து விடுங்கள். மூடிக் குலுக்கினால் ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்புப் படிவு வரும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. படிவு பாதி உயரம் தாழ்ந்ததும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. விட்டுக் கரைத்து, 201 மி.லி. எடுத்து 0.025 மோலார் சோடியம் தயோசல்ஃபேட்டால் தரம்பாருங்கள் (அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளவிடுங்கள்). வெளிர் வைக்கோல் நிறம் வந்த பிறகே ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். நீலம் மறையும் வரை செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

விஷமா என்று பார்க்கவும் வழி உண்டு. ஆக்சிஜன் பஞ்சத்தில் பெரிய மீன்கள் முதலில் சாகும், சாவதற்கு முன் மேற்பரப்பில் வாயைப் பிளந்து திணறும், நேரம் பின்னிரவு. விஷம் நேரம் பார்க்காது, குஞ்சு, பெரியது, நீர்ப்பூச்சி எல்லாவற்றையும் சேர்த்து வாரும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஆய்வுக்குச் செத்து ஊதியதை அனுப்பிப் பயனில்லை. உயிர் ஊசலாடும் மீனையும், அதே இடத்து நீரையும் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9ஐத் தாண்டுவது சாதாரணம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதம்கூட இல்லை, பி.எச். 9இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கழிவுநீர் கலக்கும் ஏரியில் மீனுக்குப் பகலில் ஒரு கண்டம், விடியலில் ஒரு கண்டம்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் 300 காட்டுகிறது. ஏரி நீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு. அந்தக் கருவி மின்கடத்துதிறனை அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பு எவ்வளவு என்பதற்கு அது உத்தேச விடை. கிருமி, பூச்சிக்கொல்லி, பாசி நச்சு எதுவும் அதில் தெரியாது. பாசியைப் பெருக்கப் போதுமான பாஸ்பரஸ்கூட அந்த 300இல் அசைவே காட்டாது. ஒரு பயன் உண்டு: வரத்துக்கால் நெடுக அளந்துகொண்டே போங்கள். எண் திடீரென ஏறும் இடத்தில் ஏதோ குழாய் வந்து சேர்கிறது.

கேள்வி: செலவில்லாமல் நாங்களே ஏரியைத் தொடர்ந்து கண்காணிக்க ஏதாவது அளவு உண்டா?

பதில்: நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் கடலில் சோதித்தது. ஏரிகளுக்கு 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு, எதிரெதிர் கால்பாகங்கள் கறுப்பு, வெள்ளை. கனமான பிளாஸ்டிக்கோ தகரமோ போதும். பளபளக்காத பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டு, கீழே எடை கட்டி, நீளாத கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், நைலான் இழுத்தால் நீளும். எந்தக் கயிறானாலும் நனைத்து இழுத்த பிறகே குறியிடுங்கள்.

காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், படகின் நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் அளவு. ஏரியில் ஊட்டம் எவ்வளவு என்று காட்ட ராபர்ட் கார்ல்சன் 1977இல் தந்த குறியீட்டின்படி 2 மீட்டர் என்றால் 50, 1 மீட்டர் என்றால் 60, அரை மீட்டர் என்றால் 70. தெளிவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் 10 கூடுகிறது. 50க்கு மேல் போனால் ஊட்டம் மிகுந்த ஏரி. ஆனால் மழைக்குப் பிறகு வரும் செம்மண் கலங்கலும் தட்டை மறைக்கும், அது பாசி அல்ல. நீரின் நிறத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: தூர்வாரினோம், நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினோம், நீரூற்றும் வைத்தோம். ஆறு மாதத்தில் மறுபடி பச்சை. படிகாரம் போடலாமா?

பதில்: முதலில் உள்ளே வருவதை எடை போடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கிய 226ஆம் எண் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாசி பெருகியது பாஸ்பரஸ் போன பக்கத்தில்தான். எல்லா ஏரிக்கும் பாஸ்பரஸ் ஒன்றே சாவி என்று அடித்துச் சொல்ல மாட்டோம், நைட்ரஜனும் கட்டுப்படுத்தும் ஏரிகள் உண்டு. ஆனால் கணக்கைத் தொடங்க இதுவே நல்ல இடம்.

கணக்கு எளிது. வரத்துக்காலில் நேரான 10 மீட்டர் தூரத்தில் மிதவை ஒன்றை விட்டு வேகம் பாருங்கள். அதை 0.85ஆல் பெருக்கி (மேற்பரப்பு நீர் சராசரியைவிட வேகமாக ஓடும்), நீர் ஓடும் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் வரத்து கிடைக்கும். நொடிக்கு 5 லிட்டர், அதில் லிட்டருக்கு 2 மி.கி. பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 864 கிராம். பாசியின் சராசரிக் கட்டமைப்பில் 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 114 கிராம் உலர்ந்த பாசிக்குப் போதும். ஆக நாள்தோறும் கிட்டத்தட்ட 98 கிலோ உலர் பாசிக்கான தீனி அந்தச் சிறு வாய்க்காலில் வருகிறது. எந்தக் கரைசலும் இதை வெல்லாது. நீரூற்று நீரைக் கலக்கும், கொஞ்சம் ஆக்சிஜன் தரும்; பாஸ்பரஸை ஒரு கிராம்கூட வெளியேற்றாது. ஆய்வக அறிக்கையில் எண் ‘பாஸ்பேட்’ஆகத் தரப்பட்டிருக்கிறதா, ‘பாஸ்பரஸ்’ஆகவா என்று கேளுங்கள்: பாஸ்பேட் எண்ணை 3.07ஆல் வகுத்தால்தான் பாஸ்பரஸ். இதைக் கவனிக்காமல் மும்மடங்கு பிழையோடு போடும் திட்டங்கள் ஏராளம்.

வரத்தை அடைத்த பிறகும் அடிச்சேறு பாக்கி இருக்கும். ஆக்சிஜன் உள்ளவரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் கைவிட்டுவிடும். அதனால்தான் அடியில் ஆக்சிஜன் தீராத, ஆழமான வாஷிங்டன் ஏரி (அமெரிக்கா), 1963 முதல் 1968 வரை கழிவுநீரைத் திருப்பிவிட்டதும் சில ஆண்டுகளில் தெளிந்தது. ஆழமற்ற ஏரிகளில் பத்து, பதினைந்து ஆண்டுகூட ஆகலாம். பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் படிகாரத்துக்கு (அலுமினியம் சல்ஃபேட்) வேலை இந்தக் கட்டத்தில்தான். 1 மி.கி. படிகாரம் சுமார் 0.5 மி.கி. காரத்தன்மையை (பி.எச். சரியாமல் தாங்கும் திறனை) தின்னும். காரத்தன்மை குறைந்த நீரில் பி.எச். 6க்குக் கீழே சரிந்தால் அலுமினியம் கரைந்து மீனின் செவுளைத் தாக்கும். ஏரி நீரை ஆறு பீக்கர்களில் எடுத்து, வெவ்வேறு அளவில் கலந்து, பி.எச். 6க்கும் 8க்கும் இடையில் நிற்கும் அளவைக் கண்டுபிடிக்காமல் ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்க வேண்டாம்.

கேள்வி: கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படலம். ஆபத்தா?

பதில்: நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். குச்சியால் தூக்கிப் பாருங்கள்: இழை இழையாகத் தொங்கினால் சாதாரண நூல்பாசி, குச்சியில் பூச்சுபோல் ஒட்டினால் எச்சரிக்கை. கண்ணாடிக் குப்பியில் முக்கால் பாகம் நிரப்பி ஒரு இரவு குளிரில் அசையாமல் வைத்தால், நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் மேலே வளையமாகச் சேரும். நச்சு இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சோதனை முடியும் வரை இருப்பதாகவே கொள்ளுங்கள். கையுறை அணியுங்கள், கால்நடையையும் நாயையும் இறக்காதீர்கள். கொதிக்க வைத்தால் இந்தப் பாசியின் நச்சான மைக்ரோசிஸ்டின் அழியாது. குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரி நீரை நம்பியிருந்த அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் ஐந்து லட்சம் பேருக்குக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தது இதனால்தான். மயில்துத்தம் தூவுவது இங்கே மோசமான யோசனை. செல்கள் உடைந்து உள்ளிருந்த நச்சு மொத்தமும் நீரில் கலந்துவிடும்.

கேள்வி: கழிவுநீர் ஏரிக்குள் வருமுன் நாணல் படுகை அமைத்தால் சுத்தமாகுமா? இடம் எவ்வளவு வேண்டும்?

பதில்: வீட்டுக் கழிவுநீருக்குக் கிடைமட்ட ஓட்டப் படுகை என்றால் ஆளுக்கு சுமார் 5 சதுர மீட்டர். அதற்கு முன் வண்டல் படியும் தொட்டி இல்லையென்றால் கட்டவே வேண்டாம். சரளை 60 செ.மீ. ஆழம், கல்லின் அளவு 5 முதல் 20 மி.மீ.; நீர் மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே ஓட வேண்டும், அப்போதுதான் கொசு வராது. நாணலோ சம்போ நடலாம். அழுக்கைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லில் ஒட்டிய நுண்ணுயிர்கள். செடி அவற்றுக்கு இடம் தருகிறது.

கெடுவது எப்போதும் நுழைவாயில் பக்கம். கழுவாத சரளையில் உள்ள மண்ணும், தொட்டியைத் தாண்டி வரும் சேறும் முதல் சில மீட்டரை அடைத்துவிட, நீர் மேலே வழியத் தொடங்கும். நுழைவாயிலில் மட்டும் 40 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய கல்லைப் போடுங்கள், கிளறிக் கழுவ வசதியாக இருக்கும். கரிமக் கழிவும் மிதக்கும் துகளும் நன்றாகக் குறையும். அம்மோனியா அவ்வளவாகக் குறையாது, ஏனெனில் படுகைக்குள் ஆக்சிஜன் பற்றாது. அதற்கு இடைவிட்டு நீர் ஊற்றும் செங்குத்து ஓட்டப் படுகை தேவை. பாஸ்பரஸைச் சரளை ஆரம்பத்தில் பிடிக்கும், நிரம்பியதும் விட்டுவிடும். முதல் ஆண்டு அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்து சோதனையை நிறுத்துபவர்களுக்கு இது தெரிய வருவதே இல்லை.

கேள்வி: ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டோம். சரிதானே?

பதில்: வாரியது சரி, கரையில் போட்டது தவறு. அதன் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் நீர். மீதியில்தான் அது ஏரியிலிருந்து உறிஞ்சிய பாஸ்பரஸ் இருக்கிறது. கரையில் அழுகினால் முதல் மழையில் அத்தனையும் திரும்பிவிடும். கரைச்சரிவுக்கு அப்பால், வடிநீர் ஏரிக்கு ஓடாத இடத்தில் மக்க வையுங்கள். மொத்தத்தையும் ஒரே வாரத்தில் அகற்றினால் வெயில் நேரடியாக நீரில் விழுந்து பாசி பெருகும் என்பதையும் எதிர்பாருங்கள்; பகுதி பகுதியாக எடுத்து, விடியற்கால ஆக்சிஜனைப் பார்த்தபடி முன்னேறுங்கள்.