இறைச்சிக்கூடத் தொழிலாளர்களின் காய்ச்சல்: கேள்வி பதில்

ஆடு, மாடு அறுக்கும் கூடங்களில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தொழில்சார் நோய்களைக் கவனிக்கும் மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

ஆட்டுத்தொட்டியில் தோல் உரிக்கிறேன். ஒரு மாதமாக மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பு வலி. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். நின்றது, மறுபடியும் வந்துவிட்டது.

மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொன்னீர்களா? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் புருசெல்லோசிஸாக இருக்கலாம். அதைத் தருவது புருசெல்லா, ஆடு மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமி. கருப்பை, பனிக்குட நீர், மடி ஆகியவற்றைக் கையாளும்போது கைக்காயம் வழியாகவும், கண்ணில் தெறித்தும், மூச்சோடும் உள்ளே போகும். டைபாய்டு, காசநோய் என்று தவறாக எண்ணப்படுவது வழக்கம்; காசநோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். “ஆடு அறுக்கும் இடத்தில் வேலை, புருசெல்லா ரத்தப் பரிசோதனை வேண்டும்” என்று நேராகவே கேளுங்கள். ஆய்வகத்துக்கும் இதைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஊழியருக்கும் அது தொற்றும். நோய் உறுதியானால் வழக்கமாக டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து 6 வாரம் தருவார்கள். இரண்டாம் வாரமே உடம்பு தேறிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துபவர்களுக்குத்தான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது, முதுகெலும்பிலும் போய் உட்காருகிறது.

புருசெல்லோசிஸுக்குத் தடுப்பூசி உண்டா?

மனிதருக்கு இல்லை. கன்றுகளுக்குப் போடுகிறார்கள். விலங்குகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சல் என்ற இன்னொரு நோய், 1930களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம்தான் முதலில் கண்டறியப்பட்டது. அந்த நாட்டில் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இத்தொழிலாளர்களுக்குப் போடவும் செய்கிறார்கள். இங்கே நீங்கள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டியது டெட்டனஸ் ஊசி.

குடல் கழுவுகிறேன். நாள் முழுவதும் கால் தண்ணீரில்தான். இப்போது மூன்று மாதக் கர்ப்பம்.

அம்மா, முதலில் கருப்பையும் கருவும் வெட்டி எடுக்கும் இடத்திலிருந்து விலகிவிடுங்கள். புருசெல்லா, க்யூ காய்ச்சல் இரண்டுமே கருவைக் கலைக்கக்கூடியவை. சினைப்பட்ட விலங்கை அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தச் சோதனை ஒழுங்காக நடந்தால் உங்களுக்கு வரும் ஆபத்தில் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடும். தேங்கிய தண்ணீரால் எலிக்காய்ச்சலும் வரலாம். எலி மட்டுமல்ல, மாட்டின் சிறுநீரும் அதைப் பரப்பும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

திடீரென்று செத்த மாட்டை அறுக்கச் சொல்கிறார்கள். மூக்கில் ரத்தம் வழிந்திருந்தது.

தொடாதீர்கள். உறையாத கறுத்த ரத்தம் வழிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைக் கீறினால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கை வைத்தவர்களுக்கு வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் உடனே சிகிச்சை வேண்டும். வலிக்கவில்லை என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

கழிவு ஈரலை நாய்களுக்குப் போடலாமா?

கூடாது. நீர்க்கட்டியுள்ள ஈரலைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் அதே கட்டி வரும்.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. நோய் வந்தால் இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்று, தொழில் நோயாகவே சேர்க்கப்பட்டிருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் முதன்மை முதலாளியிடம், அதாவது ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுத்தவரிடம் கேட்கலாம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் அதன் வழியாகக் கேட்க வேண்டும். கூலிச் சீட்டு, நுழைவு அட்டை, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் தொழில் என்ன என்பதை மருத்துவச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.