பானட்டுக்குக் கீல் எங்கே வைப்பது? வீட்டில் கார் கட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

பைன்டவுனில் ஃபைபர் (கண்ணாடி இழை) பட்டறை வைத்திருக்கிறேன். கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக் கட்டும் கார், நம் டர்பன் பக்கத்துக்குப் புதிதல்ல. பர்கின் செவன் இதே பைன்டவுனில் உருவான வண்டி. அதற்கும் முன்னால், 1958-இலேயே, கேப் டவுன் பக்கத்தில் ஃபைபர் உடலோடு ஜிஎஸ்எம் டார்ட் வந்துவிட்டது. என்ஜின், கியர்பாக்ஸ் என்றால் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பானட்டை, அதாவது என்ஜின் மூடியை, திறந்து மூடும் விஷயத்தைத்தான் எல்லோரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஏன் என்பது பதில்களிலேயே தெரியும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, என் வண்டி செவன் மாதிரி. பானட்டை நாலு கிளிப் கழற்றி அப்படியே தூக்கி வைக்கிறேன். கீல் போட்டால் நன்றாக இருக்குமா?

வேண்டாம் தம்பி. 1.2 மி.மீ. அலுமினியத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு மூன்றேகால் கிலோதான். ஒரு கையால் தூக்கலாம். உன் வண்டியில் கார்புரேட்டர் பானட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நீ அனுப்பிய படத்தில் தெரிகிறது. கீல் போட்டால் பானட் வட்டப் பாதையில்தான் எழும்பும், அந்த ஓட்டையின் விளிம்பு ஏர் ஃபில்டரில் இடிக்கும். இடிக்காமல் இருக்க ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், அதோடு வண்டியின் அழகு போய்விடும். நல்ல கிளிப்பாகப் போட்டு, பானட் உட்காரும் இடத்தில் ரப்பர் ஒட்டிவிடு. போதும்.

ஃபீனிக்ஸிலிருந்து: அண்ணா, மட்கார்டும் மூக்கும் சேர்ந்த ஒரே துண்டு ஃபைபர் முன்பகுதி வார்த்து வைத்திருக்கிறேன். முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்க வேண்டும். கீல் எந்த இடத்தில் வரும்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டும் 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பும் இப்படித்தான் திறக்கும். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதும் இதையேதான். பின்பக்கத் தாழ்ப்பாள் விட்டு பானட் கொஞ்சம் எழுந்தாலும், எதிர்க்காற்று அதைத் திரும்ப மூடத்தான் பார்க்கும்.

மனதில் வைக்க வேண்டியவை மூன்று. கீலுக்கு மேலே இருக்கும் பாகமெல்லாம் திறக்கும்போது முன்னால் போகும். கீலுக்குக் கீழே இருப்பது பின்னால் வரும். கீலுக்கு முன்னால் இருப்பது தரையை நோக்கி இறங்கும். கிரில்லுக்கு அடியில் இருக்கும் உதடு கீலைவிடத் தாழ்வாக இருந்தால், திறக்கும்போது அது நேராக ரேடியேட்டருக்குள் வந்து இடிக்கும். மூக்கு கீலுக்கு வெகு தூரம் முன்னால் நீண்டிருந்தால் தரையில் குத்தும். அதனால் கீல் எவ்வளவு முன்னால், எவ்வளவு தாழ்வாகப் போகுமோ அவ்வளவும் நல்லது.

பின் விளிம்பையும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள பலகையை ஒட்டி நிற்கும் அந்த விளிம்பு கீலைவிட உயரத்தில் இருந்தால், திறக்கத் தொடங்கியதுமே மேலேயும் முன்னேயும் நகர்ந்து விலகிவிடும். கீல் அதைவிட உயரமாகப் போய்விட்டால் முதலில் பின்னால் தள்ளி வந்து பெயிண்ட்டைப் பெயர்த்துவிடும்.

இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பானட்டின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் அட்டையில் வெட்டு. சேசிஸ் (அடிச்சட்டம்), ரேடியேட்டர், தரை மூன்றையும் ஒரு பெரிய பலகையில் அதே அளவில் வரை. அட்டையை மூடிய நிலையில் வைத்து அதில் இரண்டு புள்ளி குறி, அவை நிற்கும் இடத்தைப் பலகையிலும் குறி. பிறகு, திறந்தபின் எங்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிறாயோ அங்கே வைத்து அதே புள்ளிகளைப் பலகையில் குறி. ஒவ்வொரு புள்ளியின் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கோட்டால் இணைத்து, நடுவில் செங்குத்துக் கோடு போடு. பள்ளியில் படித்த மையக்குத்துக்கோடுதான். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே கீல் புள்ளி. அது ரேடியேட்டருக்கு நடுவில் வந்து விழுந்தால், நீ கேட்கும் திறந்த நிலை நடக்காது என்று அர்த்தம். திறந்த நிலையைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் போட்டுப் பார். இடம் சரியாக வந்ததும் அங்கே ஒரு ஆணி அடித்து அட்டையை மெல்லச் சுற்று, எங்கே உரசுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பொருத்தும்போது இடது கீலையும் வலது கீலையும் தனித்தனியாக அளந்து வைக்காதே. நேரான ஒரே கம்பியை இரண்டுக்கும் ஊடாகச் செலுத்தி வைத்துக்கொண்டு பிராக்கெட்டை வெல்டிங் செய். இரண்டு அச்சும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஃபைபர் முறுக்கப்படும், கொஞ்ச நாளில் ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல்பூச்சில்) நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். சேசிஸ் பக்கத் துளையை மேலும் கீழும் நகர்த்தும்படியும், பானட் பக்கத் துளையை முன்னும் பின்னும் நகர்த்தும்படியும் நீளத் துளையாக வெட்டி வை. சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விடு.

லெனேசியாவிலிருந்து: அங்கிள், பானட்டைத் தாங்கிப் பிடிக்க கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தண்டு) போட்டேன். பகலில் நிற்கிறது. குளிர்காலத்தில் விடிகாலையில் பானட் மெல்ல இறங்கி என் தலையில் படுகிறது. ஸ்ட்ரட் கெட்டுவிட்டதா?

கெடவில்லை தம்பி. உள்ளே இருப்பது வாயு, குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் சுமார் 7 சதவீதம் குறைவு. உன் ஸ்ட்ரட் மயிரிழையில்தான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று எடுத்துக்கொள். ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, பானட்டை முழுக்கத் திறந்த நிலையில் பின் விளிம்பில் தராசை மாட்டி நேர் மேலே இழுத்துப் பிடி. 6 கிலோ காட்டுகிறது, கீலிலிருந்து அந்த இடத்துக்குப் படுக்கைவாட்டில் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 × 9.81 × 0.7, அதாவது 41 நியூட்டன் மீட்டர். அதே திறந்த நிலையில் ஸ்ட்ரட் போகும் கோட்டுக்கும் கீலுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் 18 செ.மீ. என்றால் 41-ஐ 0.18-ஆல் வகுத்தால் சுமார் 230 நியூட்டன். குளிருக்கும் தேய்மானத்துக்கும் 20 சதவீதம் கூட்டினால் 275. இரண்டு ஸ்ட்ரட் என்பதால் ஆளுக்கு 140 வருகிறது, 150 வாங்கு. நான் போட்ட எண்களை எடுக்காதே, உன் வண்டியை அளந்து போடு.

மூடிய நிலையில் அந்தச் செங்குத்துத் தூரம் இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் தாழ்ப்பாளோடு ஸ்ட்ரட் எப்போதும் மல்லுக்கு நிற்கும். ஸ்ட்ரட்டின் மேல்முனையை வெறும் ஃபைபரில் மாட்டவே கூடாது, கீல் சட்டத்தோடு சேர்ந்த இரும்பில் மாட்டு. மூடியிருக்கும்போது தண்டுப் பக்கம் கீழே இருந்தால் உள்ளே உள்ள எண்ணெய் ரப்பர் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டே இருக்கும், ஆயுசு கூடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: அண்ணா, நானே வார்த்த பானட். என்3-இல் 100-ஐத் தாண்டினால் நடுவில் படபடவென்று அடிக்கிறது, ஒரு மூலையும் தூக்குகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான் தங்கச்சி. சரிசெய்யும்வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதே. 120 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 68 கிலோ எடைக்குச் சமம். பானட்டுக்கு மேலும் கீழும் உள்ள வித்தியாசம் அதில் பாதி என்று வைத்தாலும் 34 கிலோ மேலே தூக்கும். 60-இல் போனால் அது கால்வாசிதான், அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை.

ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று வெளியேற வழியில்லாமல் பானட்டைத் தூக்குகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால், பானட்டின் முன் பாதியில், பின்னோக்கிய வாயுள்ள, செதில் போன்ற காற்றுத் துளைகளை வெட்டு. கண்ணாடிக்கு அடியில் வெட்டாதே, வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் புகும். படபடப்புக்கு உள்பக்கம் விலா எலும்பு போல் கட்டை கொடுக்க வேண்டும். பாலியூரிதேன் ஃபோமை அரைவட்டமாக அறுத்து வைத்து மேலே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு போடு. தெர்மோகோல் வைக்காதே, பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். தாழ்ப்பாள் இரண்டு பின் மூலைகளிலும் இருக்க வேண்டும், நடுவில் ஒன்று மட்டும் என்றால் மூலை தூக்கத்தான் செய்யும்.

டோங்காட்டிலிருந்து: பழைய வண்டிக் கீலை ஸ்க்ராப்யார்டில் வாங்கிப் போடலாமா?

தாராளமாக. முன்பக்கம் கவிழும் பானட்டுக்கு பிஎம்டபிள்யூ இ30-இன் கீல் நல்லது. நம் நாட்டிலேயே, ரோஸ்லினில் கட்டிய வண்டி, இங்கே தேடினால் கிடைக்கும். அதன் ஸ்ட்ரட்டை மட்டும் எடுக்காதீர்கள், இரும்பு பானட்டுக்கான பலம் ஃபைபரை வளைத்துவிடும். கண்ணாடிப் பக்கம் கீல் வைப்பவர்களுக்கு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபின் கீல் போதும்.

அதே ஊர் இன்னொருவர்: நான் கண்ணாடிப் பக்கம்தான் கீல் வைத்திருக்கிறேன். முன்னால் தாழ்ப்பாள் ஒன்று உறுதியாக இருக்கிறது. இரண்டாவது கொக்கி அவசியமா?

அவசியம். இதில் பேச்சே கிடையாது. அந்த ஒரு தாழ்ப்பாள் ஓடும்போது விட்டால் பானட் எழுந்து கண்ணாடியில் அறையும், உங்களுக்குச் சாலை தெரியாது. கேபிளோடு சம்பந்தமில்லாமல், விரலால் தள்ளித் திறக்கும் தனிக் கொக்கியைப் போட்ட பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.

மெரிபேங்கிலிருந்து: கடல் காற்றில் கீலுக்குள் இருக்கும் பின் (ஆணி) துருப்பிடித்து இறுகிவிடுகிறது.

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின், அதைச் சுற்றி நைலான் புஷ் (உறைக்குழாய்) போடுங்கள். பிராக்கெட் அலுமினியமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் நேரடியாக அதைத் தொடக் கூடாது. உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரித்துப் போகும். இடையில் நைலான் வாஷர் கொடுங்கள்.

ஸ்டாங்கரிலிருந்து: கேபிள் அறுந்து பானட் மூடியபடியே நிற்கிறது அண்ணா!

வண்டியைத் தூக்கி அடியிலிருந்து கையை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பிப் பாருங்கள். திறந்ததும் முதல் வேலையாக இரண்டு தாழ்ப்பாளுக்கும் ஆளுக்கொரு மெல்லிய கம்பி கட்டி, மறுமுனையைச் சக்கர வளைவுக்குள் கண்ணில் படாத இடத்தில் விடுங்கள்.

வெருலத்திலிருந்து: பெயிண்ட் முதலா, கீல் முதலா?

கீல் முதல். தாழ்ப்பாள், ரப்பர், ஸ்ட்ரட் எல்லாம் மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். உரசிய இடங்களைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு பிரித்து பெயிண்ட் அடிக்கலாம். ப்ரைமரும் பெயிண்ட்டும் சேர்ந்து விளிம்பைத் தடிப்பாக்கும், அதையும் நினைத்துத்தான் 5 மி.மீ. விடச் சொன்னேன்.