லிஸ்டை ஸ்ட்ரிங் ஆக்கினால் அடைப்புக்குறி ஏன் வருகிறது?

கேள்வி: பைத்தானில் ஒரு லிஸ்டை ஸ்ட்ர் (str) போட்டு ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக, மாற்றினால் சதுர அடைப்பும் மேற்கோள் குறிகளும் கூடவே வருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்ப வெறும் பெயர்கள் மட்டும் வேண்டும். என்ன செய்வது?

இதே அடைப்புக்குறியோடு ஊருக்கே மெசேஜ் அனுப்பியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

என் மாமாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி. சீசனில் தினமும் சாயங்காலம் அன்றைய விலையைத் தோப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். லீவில் வந்திருந்த நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பெங்களூரா, நீலம், செந்தூரா என்று மாங்காய் ரகங்களின் ஒரு லிஸ்ட். அதை அப்படியே ஸ்ட்ர் செய்து அனுப்பிவிட்டேன். போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டார்: "என்னப்பா, மாங்காய்க்கு வேலி கட்டி அனுப்பியிருக்க?"

வேலி பிழையில்லை. லிஸ்டை ஸ்ட்ர் செய்யும்போது பைத்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் ரெப்ர் (repr) வழியாக எழுதுகிறது. அது புரோகிராம் எழுதுபவர் பார்ப்பதற்கான வடிவம். உள்ளே இருக்கும் 22 எண்ணா, எழுத்தா என்பதை மேற்கோள் குறிதான் காட்டிக்கொடுக்கும். சிலர் ரீப்ளேஸ் போட்டு வேலியைப் பிடுங்குவார்கள். வேண்டாம், பெயருக்குள்ளேயே மேற்கோள் இருந்தால் அதுவும் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது ஜாயின் (join). காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் மேற்கோளுக்குள், அதன்பின் புள்ளி, ஜாயின், அடைப்புக்குள் லிஸ்டின் பெயர். லிஸ்டை விட்டுவிட்டுக் காற்புள்ளியிடம் போய் ஏன் ஜாயினைக் கேட்கிறோம் என்று எனக்கும் முதலில் குழப்பம்தான். மாவிலைத் தோரணம் கட்டுகிறவர் முதலில் கயிறைத்தானே கையில் எடுக்கிறார்? அப்படி வைத்துக்கொண்டேன். ஸ்ட்ரிங்குக்குத் தமிழில் சரம் என்று பெயர் வைத்தவரும் இதைத்தான் நினைத்திருப்பாரோ என்னவோ. ஜாவாஸ்கிரிப்ட்டில் இது தலைகீழ்: அங்கே ஜாயின் லிஸ்டின் பக்கம் நிற்கும், நடுவில் என்ன போடுவது என்று சொல்லாவிட்டால் அதுவாகவே காற்புள்ளி போட்டுக்கொள்ளும்.

லிஸ்டில் விலை போல எண்கள் இருந்தால் ஜாயின் டைப் எரர் கொடுக்கும். மேப் (map) லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரே வேலையைச் செய்யும்; அதில் ஸ்ட்ரையும் லிஸ்டையும் கொடுத்து, வருவதை ஜாயினுக்குள் போடுங்கள், சரியாகிவிடும். ஆனால் நீலம் வராத ஒரு நாளில் அதன் விலையை நன் (None, பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று விட்டிருந்தேன். மேப் அதையும் எழுத்தாக்கி, மெசேஜில் நீலத்துக்குப் பக்கத்தில் 'நன்' என்று ஆங்கிலத்தில் போய் நின்றது. காலியானவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

இன்னொரு பொறி. லிஸ்டுக்குப் பதில் தவறிப்போய் ஒற்றைச் சொல்லைக் கொடுத்தாலும் ஜாயின் மறுக்காது. 'மாங்காய்' நமக்கு நாலு எழுத்து, பைத்தானுக்கு எட்டு. துணைக்கால் தனி, புள்ளி தனி. எட்டுக்கும் நடுவே காற்புள்ளி விழுந்து, கால் ஒடிந்த தமிழ் வரும்.

இதுவரை சொன்னது மனிதர் படிக்க. நான் பெரிதாக அடிபட்டது வேறு இடத்தில். தினக் கணக்கையும் இதே ஜாயினால் ஒட்டிக் கோப்பில் எழுதி, மறுநாள் காற்புள்ளியில் ஸ்ப்ளிட் செய்து, அதாவது காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டி, படித்தேன். மாமா ஒரு நாள் 'செந்தூரா, ரெண்டாம் ரகம்' என்று சரக்கின் பெயரை அடித்தார். ஒரு பெயர் இரண்டாகி, எடை இருக்க வேண்டிய இடத்தில் ரகம் வந்து உட்கார்ந்தது. ஒட்டிய பிறகு எது பெயருக்குள் இருந்த காற்புள்ளி, எது நான் போட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. புரோகிராமே திரும்பப் படிக்க வேண்டிய கோப்பு என்றால், அதற்கென்றே உள்ள சிஎஸ்வி (CSV) மாட்யூல் அல்லது ஜேசன் (JSON) வடிவம். சிஎஸ்வி அப்படிப்பட்ட பெயரை மேற்கோளுக்குள் வைத்துக் காப்பாற்றிவிடும்.

நான் ஜேசனுக்கு மாறினேன். கோப்பைத் திறந்து பார்த்த மாமா, "கணக்கு எழுதச் சொன்னா மந்திரம் எழுதி வச்சிருக்க" என்றார். பெங்களூரா இருந்த இடமெல்லாம் பின்சாய்கோடும் யூவும் எண்களும். ஜேசனாக மாற்றித்தரும் டம்ப்ஸ் (dumps), நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், தமிழை அப்படித்தான் எழுதும். தரவு கெடவில்லை, திரும்பப் படித்தால் தமிழாகவே வரும். கண்ணுக்கும் தமிழாகத் தெரிய டம்ப்ஸில் என்ஷ்யூர் ஆஸ்கி (ensure_ascii) என்பதை ஃபால்ஸ் (False) ஆக்கி, கோப்பைத் தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப் எட்டில் (UTF-8) திறந்து எழுதுங்கள்.

நீங்கள் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்புவதாக இருந்தால் ஜாயினும் மேப்பும் போதும். ஒரு ரகத்துக்கு ஒரு வரி வேண்டுமென்றால் காற்புள்ளி இருந்த இடத்தில் பின்சாய்கோடும் n என்ற ஆங்கில எழுத்தும் போடுங்கள். போனில் படிக்க அதுதான் வசதி என்று அந்தப் போச்சம்பள்ளிப் பெரியவரே சொன்னார்.