ஸ்போர்ட்ஸ் காருக்கு லட்ச ரூபாய் கூலி... சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ரெண்டு வட்டி!

கேள்வி: திருப்பூரில் 26 தையல் மிஷின் போட்டு பவர் டேபிள் நடத்துறேனுங்க. தோட்டம் பாகம் பிரிச்சப்ப வந்த பணத்துல, 3 வருசத்துக்கு முன்னால 2014 மாடல் போர்ஷ் பாக்ஸ்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கடன் இல்லாம ரொக்கமா வாங்கின வண்டி. வருசத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடும். போன மாசம் வெளியூர் ஒர்க்‌ஷாப்புல வழக்கமான சர்வீசுக்கு விட்டேன். கூலி மட்டும் ஜிஎஸ்டியோட 1,18,000 ரூபாய். இது நியாயமுங்களா? இதுவரைக்கும் சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் கம்பெனிக்கு வங்கி கொடுத்த சிசி கடன் கணக்குல இருந்துதான் கட்டினேன். 40 லட்சம் லிமிட்டும் நிரம்பிருச்சு. சனிக்கிழமை சம்பளத்துக்கு வெளியே 4 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கேன். 5 லட்சம் ஏலச்சீட்டு ஒண்ணு இன்னும் எடுக்காம இருக்குது. அடுத்த பில்லை நோ காஸ்ட் இஎம்ஐ-ல போடச் சொல்றார் மச்சான், இல்லைன்னா 3 வருச சர்வீஸ் பேக்கேஜ் எடுக்கச் சொல்றார். கம்பெனி பேர்ல பில் போட்டா ஜிஎஸ்டி திரும்ப வந்துரும்ங்கிறார். வண்டியை வித்தா தொழில் நொடிஞ்சிருச்சுன்னு ஊர்ல பேசுவாங்களேன்னு தூக்கமே வர்றதில்லை. என்னங்க பண்றது?

- வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லையும் செலவுக் கணக்கையும் வரி வரியாகப் பார்த்தேன். கூலியில் பெரும்பகுதி நியாயமானதுதான். உங்கள் வண்டியில் முன் பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம்தான் இருக்கும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கின்றன. ஆறு பிளக்கை மாற்ற வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் சக்கரங்களைக் கழற்றி, அடியிலிருந்து கைவிட வேண்டும். இன்ஜின் பெல்ட்டைத் தொட வேண்டுமானால் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடியைத் திறக்க வேண்டும். சாதாரணக் காரில் பானெட்டைத் தூக்கி அரை மணியில் முடிகிற வேலை இதில் பல மணி நேரம் பிடிக்கும். அந்த மணிக்கணக்குக்குத்தான் கூலி. வண்டி ஓடாவிட்டாலும் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அதை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். குறைவாக ஓட்டினால் செலவு குறையும் என்று நினைத்துத்தான் பலரும் இப்படி வண்டி வாங்கி ஏமாறுகிறார்கள்.

அதற்காக முழு பில்லையும் ஒப்புக்கொள்ள முடியாது. 4ஆம் வரியில் பிளக் வேலைக்காகப் பின் சக்கரம் கழற்றி மாட்ட 6,500 போட்டிருக்கிறார்கள். 9ஆம் வரியில் பிரேக் வேலைக்காக அதே சக்கரங்களைக் கழற்றி மாட்ட இன்னொரு 6,500. ஒரே நாள், ஒரே லிஃப்ட். ஒருமுறை கழற்றியதற்கு இரண்டு கூலி எதற்கு? இன்ஜின் ஃப்ளஷ் 7,500, ஏசி கிருமிநீக்கம் 4,800 என்று இரண்டு வரிகள். வண்டியோடு வந்த சர்வீஸ் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், அந்த அட்டவணையில் இல்லாத வேலைக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இந்த மூன்றும் சேர்ந்து 18,800, ஜிஎஸ்டியோடு சுமார் 22,000 ரூபாய். இதை எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் உங்களை அரிப்பது இந்த 22,000 இல்லை.

உங்கள் கணக்குப்படி 3 வருடத்தில் சர்வீஸ் 6.2 லட்சம், டயர் 1.4 லட்சம், இன்சூரன்ஸ் 2.7 லட்சம். மொத்தம் 10.3 லட்சம். இதுவரை ஓடிய 9,000 கிலோமீட்டருக்கு வகுத்தால், பெட்ரோல் இல்லாமலே கிலோமீட்டருக்கு 114 ரூபாய். இவ்வளவும் சிசி கணக்கில் ஏறி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. 11 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 9,400. லிமிட்டில் கால்வாசியைக் கார் அடைத்துக்கொண்டதால்தான் சனிக்கிழமை சம்பளத்துக்கு வெளியே கை நீட்டினீர்கள். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், 4 லட்சத்துக்கு மாதம் 8,000. ஆக மாதம் 17,400, வருடம் 2 லட்சத்துக்கு மேல். கடனில்லாத வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். 10 லட்சத்துக்கு மேல் கடன் இருக்கிறது, அது கம்பெனி பெயரில் இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

சிசி என்பது எக்ஸ்போர்ட்டர் 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் தரும்வரை நூலும் கூலியும் தடையில்லாமல் ஓட வங்கி கொடுக்கிற பணம். சொந்தச் செலவுக்கு எடுத்த பகுதியின் வட்டியை வியாபாரச் செலவாகக் காட்டவும் முடியாது. லிமிட் புதுப்பிக்கும்போது மேனேஜர் கணக்கைப் புரட்டினால் இந்த வரவு செலவு அவர் கண்ணுக்கு உறுத்தும். இந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் மூன்று யோசனையும் வேண்டாம். ஜிஎஸ்டி யோசனை ஆபத்தானது. 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்துக்கும், அதன் ரிப்பேர், இன்சூரன்சுக்கும் கட்டிய வரியை உங்களைப் போன்ற தொழிலில் உள்ளவர் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கச் சட்டத்தின் 17(5) பிரிவு விடாது. ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். நாளைக்கே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ இன்னொரு கடன். கட்டணம், வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி என்று ஏதோ ஒரு வழியில் காசு போகும். சர்வீஸ் பேக்கேஜ் பெரும்பாலும் ஆயில், ஃபில்டர் வகையறாவோடு நின்றுவிடும். டயரும் பிரேக் பேடும் உங்கள் தலையில்தான். அதற்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஒரே ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்வானேன்?

முதலில் அந்தச் சீட்டை எடுங்கள். 40,000 தள்ளி எடுத்தாலும் கைக்கு 4.6 லட்சம் வரும். அன்றைக்கே ரெண்டு வட்டிக் கடனை முடித்து, கொடுத்த பத்திரம், செக் எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். மீதி 60,000-ஐ வீட்டுக் கணக்கில், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வங்கியில், காருக்கென்று தனியாகப் போடுங்கள். வருடம் சராசரி 3.4 லட்சம் ஆகிறது. மாதம் 30,000 அதில் சேர வேண்டும், உங்கள் சொந்த வருமானத்திலிருந்து. கம்பெனிப் பணத்தைத் தொடக் கூடாது.

வண்டி வாரண்டி எப்போதோ முடிந்தது. செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே வைத்திருக்கிற கோவையில் இந்த வகை வண்டி பார்க்கிற தனி ஒர்க்‌ஷாப்களை விசாரியுங்கள். போர்ஷுக்கான ஸ்கேனர் இருக்கிறதா, கூலியை மணிக்கணக்கோடு எஸ்டிமேட்டில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தரமாட்டேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மூன்று மாதம் 30,000 சேரவில்லை என்றால் விற்றுவிடுங்கள். ஊர் பேசும் என்று பயப்படுகிறீர்கள். உங்களைப் பற்றி முதலில் பேசப்போவது சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன டெய்லர். அடுத்து நூல் கடைக்காரர். அவர்கள் இருவரும் பேசாமல் இருந்தால் உங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகாது. பிளக், பிரேக் ஆயில் மாற்றிய பில் கையில் புதிதாக இருக்கும்போதே கொடுத்தால் விலையும் கூடும். வரும் பணத்தில் முதலில் சிசி-யில் 10.3 லட்சத்தை அடைத்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், ஆர்சி வாங்கியவர் பெயருக்கு மாறியதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.